பற்றாத பர்னர்

"ஏழு மணி ஆனா அதுவா புடிச்சுக்கும் தம்பி," என்றார் பாய்லர் ஆபரேட்டர் எல்லப்பன்.

"ஏண்ணே, பர்னருக்கு வாட்ச் கட்டி விட்டிருக்கீகளா?"

சிரித்துக்கொண்டே டார்ச்சை எடுத்தான் முத்துக்குமார். மதுரைக்காரன். ஓசூரிலிருந்து விடியுமுன்னே பைக்கில் வந்திருந்த சர்வீஸ் மெக்கானிக்.

கிருஷ்ணகிரிப் பக்கத்து மாங்கூழ் ஆலை அது. பர்னர் எரிந்தால்தான் ஆவி. ஆவி ஏறினால்தான் வேலை தொடங்கும் சங்கு. ஏழுக்கு ஊத வேண்டிய சங்கு ஒரு வாரமாக ஏழு இருபதுக்கு ஊதுகிறது. வாசலில் லாரி லாரியாய் மாம்பழம் காத்துக்கிடந்தது.

பட்டனை அழுத்தினான். மோட்டார் ஓடியது. எண்ணெய் பீச்சியது. நெருப்பு மட்டும் வரவில்லை. சிவப்பு விளக்கு எரிந்து எல்லாம் நின்றது.

மெயினை அணைத்துவிட்டு, நெருப்புப் பொறி தரும் எலெக்ட்ரோடுகளைக் கழற்றிப் பார்த்தான். கரி இல்லை. இடைவெளி சரி. பீங்கானில் விரிசலும் இல்லை.

டிரான்ஸ்ஃபார்மர் மூடியைத் திறந்தவன் அப்படியே நின்றான். ஸ்பார்க் ஒயர் கழன்று தொங்கியது. ஸ்க்ரூவில் புதுக் கீறல்.

எல்லப்பனின் சட்டைப் பையில் சின்ன ஸ்க்ரூடிரைவர்.

"அண்ணே... நீங்களா?"

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "ஒரு இருவது நிமிசம் பொறு தம்பி. நானே மாட்டிடறேன்."

"எதுக்கு? இன்னும் கொஞ்சம் தூங்கவா?"

எல்லப்பன் மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தார்.

அதற்குள் உள்ளே வந்த மேனேஜர் ஹரீஷ்குமார், கழன்ற ஒயரையும் எல்லப்பனின் பையையும் பார்த்தார்.

"பதினாறு வருசம் சோறு போட்ட எடத்துல இந்த வேலையா? வெளிய போய்யா!"

எல்லப்பன் ஸ்க்ரூடிரைவரை மேஜையில் வைத்தார். டிபன் பையை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாக நடந்தார்.

முத்துக்குமார் ஒயரை மாட்டியதும் பர்னர் குப்பென்று பிடித்தது. ஏழு மணிக்கெல்லாம் சங்கு ஊதியது. "இதுதான்யா வேலை!" என்று தோளைத் தட்டினார் மேனேஜர்.

முத்துக்குமார் பைக்கை வெளியே தள்ளியபோது ஏழேகால். வாட்ச்மேன் அவன் முதுகுக்குப் பின்னால் கேட்டைப் பூட்டினார்.

அப்போதுதான் சிங்காரப்பேட்டை பஸ் வந்து நின்றது. மாம்பழம் நறுக்கும் பெண்கள் பதினைந்து பேர், சோற்றுத் தூக்கோடு விழுந்தடித்து ஓடி வந்தார்கள்.

"சங்கு ஊதியாச்சு. இன்னிக்கு வேலை இல்ல, திரும்பிப் போங்க!" என்றார் வாட்ச்மேன்.

"பஸ்ஸு டைமை மாத்தி ஒரு வாரமாச்சுங்க. நாங்க வராம ஒருநாளும் ஊதலையே!"

அவர்களில் ஒருத்தியான பாப்பம்மா கேட்டுக் கம்பியைப் பிடித்தபடி புகைபோக்கியையே பார்த்தாள். பிறகு முத்துக்குமார் பக்கம் திரும்பினாள்.

"ஏந்தம்பி, எல்லப்பண்ணனுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"