மெஷினில் தட்டாத கடிதம்

“டைப் அடிச்ச லெட்டருக்கெல்லாம் ஆட்டோகிராஃப் போட்டு அனுப்பறாரே, இது நியாயமா?”

வீட்டுக்குள் நுழைந்ததுமே டிராயிங் மாஸ்டர் செருப்பை உதறினார். சகலை வீட்டிலிருந்து திரும்பிய வயிற்றெரிச்சல்.

அந்த வீட்டு ஹாலில், கண்ணாடி போட்ட சட்டத்துக்குள் பழைய கோல்கீப்பர் பந்தைப் பாய்ந்து பிடிக்கிறார். அவர் முகத்துக்கு மேலேயே கோணல்மாணலாக அவருடைய கையெழுத்து.

பள்ளிக்கூட டீமில் கோல் போஸ்டுக்கு நடுவில் நின்ற நாளிலிருந்து மாஸ்டருக்கு அந்தக் கோல்கீப்பர்தான் எல்லாம். படம் வைத்து, ஸ்டாம்ப் ஒட்டிய பதில் கவரும் வைத்து, எத்தனை கடிதம் எழுதியிருப்பார்! பதிலே இல்லை.

இன்சூரன்ஸ் ஆபீசிலிருக்கும் சகலையோ சலவைக்குப் போடும் துணிக் கணக்கைக்கூட டைப் அடிக்கிற ஆசாமி. அவருக்கு முதல் கடிதத்துக்கே பதில்!

“யாரையாவது பிடிச்சு சிபாரிசுல வாங்கியிருப்பான்” என்றார் மாஸ்டர்.

“என் தங்கச்சி வீட்டுக்காரர் அப்படிப்பட்டவர் இல்லீங்க” என்றாள் மனைவி.

“நீ சும்மா இரு.”

அன்றைக்கே மாஸ்டர் மசிப் பேனாவை எடுத்தார். முத்து முத்தாக இரண்டு பக்கம். நடுவில் சகலைக்கும் ஒரு குத்து வைத்தார்: ‘மெஷினில் தட்டி அனுப்புகிறவனுக்கு மனசு கிடையாது. நான் கையால் எழுதுகிறவன்.’

தபாலில் சேர்ப்பதற்கு முன் இரண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டார். ‘கடிதம் என்றால் இப்படி இருக்கணும்!’

சகலையிடமிருந்து முதல் ஆளாகக் கட்டைவிரல் வந்தது. ‘அருமை சகலை.’

“நக்கலைப் பாரு!” என்று மாஸ்டர் இன்னும் எரிந்தார்.

சில வாரத்தில் கவர் வந்தது. விலாசம் டைப் அடித்திருந்தது. அதையெல்லாம் யார் கவனித்தார்கள்? உள்ளே கோல்கீப்பர் கோப்பையோடு நிற்கும் படம், கையெழுத்தோடு!

“இது நீங்க அனுப்பின படம் இல்லையே?” என்றாள் மனைவி.

“அதான் விஷயமே! என் எழுத்தைப் பார்த்து அசந்துபோய், அவரே நல்ல படமாத் தேடி அனுப்பியிருக்கார்.”

மாஸ்டருக்குக் கால் தரையில் பாவவில்லை. படத்தோடு நேரே சகலை வீட்டுக்குப் போனார்.

“பார்த்தீங்களா சகலை? கையால எழுதினாத்தான் மனசுல போய் ஒட்டும்.”

“ரொம்ப சந்தோஷம் சகலை. உங்க எழுத்து யாருக்கு வரும்?”

அந்த முகத்தில் பொறாமை துளிகூட இல்லை. மாஸ்டருக்கு அதுவே பெரிய ஏமாற்றமாக இருந்தது.

அப்போது அவர் போன் அடித்தது. தொலைக்காட்சியில் எத்தனையோ முறை கேட்ட கரகரத்த குரல். “படம் வந்துச்சா தம்பி?”

கோல்கீப்பரேதான்! கடிதத்தின் அடியில் மாஸ்டர் எழுதியிருந்த நம்பருக்கு அழைத்திருக்கிறார்.

மாஸ்டர் சட்டென்று ஸ்பீக்கரைப் போட்டார். கேட்கட்டும், நல்லா கேட்கட்டும்!

“சகலை, ஸ்பீக்கர் வேண்டாம். உள்ள போய்த் தனியா பேசுங்க” என்று பதறினார் சகலை.

‘ஆகா, இப்பத்தான் எரியுது!’ மாஸ்டர் சத்தத்தை இன்னும் கூட்டினார்.

“வந்துச்சு ஐயா! என் கையெழுத்து எப்படி இருந்துச்சு?”



“எனக்குக் கண்பார்வை போயிடுச்சு தம்பி. டைப் அடிச்ச லெட்டர்னா போனே படிச்சுக் காட்டிடும். கையெழுத்துன்னா அதுக்குப் புரியாது. படிச்சுக் காட்ட வீட்டுல வேற ஆளும் இல்லை. யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு உங்க சகலைகிட்ட நான்தான் சத்தியம் வாங்கியிருந்தேன். உங்க லெட்டரைக் கேட்டப்புறம் உங்ககிட்ட மறைக்க மனசு வரலை.”

“என் லெட்டரை... எப்படிக் கேட்டீங்க?”

“உங்க சகலைதான் முழுசா டைப் அடிச்சு, படமும் வச்சு அனுப்பினாரே! ஒரு வரி விடலை தம்பி. மெஷின்ல தட்டறவனுக்கு மனசு கிடையாதுன்னு எழுதியிருந்தீங்களே, அதைக்கூட விடலை.”