ரொட்டி தின்னாத மாஸ்டர்

“ஏம்மா, உங்க கடை ரொட்டியை உங்க வீட்டுக்காரரே தொடமாட்டேங்கறாராமே? அப்படி அதுல என்னத்தைத்தான் போடறீங்க?”

கல்லாவில் இருந்தவளுக்குச் சுருக்கென்றது. கேட்டவர் தினமும் முதல் ஆளாக வரும் ரிட்டயர்டு வாத்தியார். கேலியாகத்தான் கேட்டார். ஆனால் பின்னால் நின்ற நாலு பேரும் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

“அவர் டயட்ல இருக்கார் சார்” என்று சிரித்துச் சமாளித்தாள்.

“அதானே பார்த்தேன், ஆள் பாதியாயிட்டாரே! சோறு, ரொட்டி, சர்க்கரையை நிறுத்தினா உடம்பு இறங்கும்தான். ஆனா தலை சுத்தும், வயிறு மக்கர் பண்ணும். விட்ட மறுநாளே பழையபடி ஊதிக்கும்.”

“பொத்தாம்பொதுவா அப்படிச் சொல்லாதீங்க சார்” என்றாள் வரிசையில் நின்ற மருந்துக்கடைப் பெண். “சிலருக்கு நல்லாவே கேக்குது. டாக்டரைக் கேட்டுச் செய்யணும், அவ்வளவுதான்.”

கடை வாசலில் ஒரு பட்டிமன்றமே நடந்து முடிந்தது. உள்ளே மாவு பிசைந்துகொண்டிருந்த அவள் புருஷன் காதில் இதெல்லாம் விழாமலா இருக்கும்? மனிதர் பாட்டுக்கு அடுத்த உருண்டையை எடுத்தார்.

எல்லோரும் அவரைப் ‘பன் மாஸ்டர்’ என்று கூப்பிட்டதற்கு அவர் சுட்ட பன் பாதிக் காரணம், அவர் தொப்பை மீதிக் காரணம். அந்தத் தொப்பை இப்போது இல்லை. பேன்ட்டைக் கயிறு போட்டுக் கட்டுகிறார். முட்டை, மீன், கீரை என்று அவரே வேக வைத்துச் சாப்பிடுகிறார். ஒரு கரண்டி சோறு வைத்தால் ஓரமாக ஒதுக்கிவிடுகிறார்.

வேறு சமயமாக இருந்தால் அவளே மெச்சியிருப்பாள். இப்போது அவளுக்கு வயிறு எரிந்தது.

அவளுடைய ஒரே தம்பி ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். ஈரல் கெட்டுப்போய்விட்டது. சொந்தத்தில் யாராவது தங்கள் ஈரலில் கொஞ்சம் கொடுத்தால்தான் பிழைப்பான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள்தான் முதல் ஆளாக ஓடினாள். சர்க்கரை வியாதி இருக்கிறது, ஆகாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

புருஷனிடம் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. எப்படி வரும்? இதே கடையில் வேலை கற்றுக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் எதிர்த் தெருவிலேயே கடை போட்டவன் தம்பி. அன்றிலிருந்து மச்சான்கள் இரண்டு பேருக்கும் ஜென்மப் பகை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து அவள் அழுதபோதுகூட, “அவன் பேச்சைக் கடைக்குள்ள எடுக்காதே” என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார். அப்புறம்தான் இந்த இளைக்கிற பைத்தியம் வேறு பிடித்தது.

கொஞ்ச நேரத்தில் வாத்தியார் திரும்பி வந்தார். கையில் கடித்த ரொட்டி.

“என்னம்மா இது, உப்பே இல்லை!”

அவள் ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டாள். சப்பென்று இருந்தது. அடுப்பிலிருந்து வரும் முதல் ரொட்டியை மாஸ்டர் பிய்த்துத் தின்று பார்த்த பிறகுதான் மற்றது கடைக்கு வரும். அதுதான் வழக்கம். இப்போதெல்லாம் முகர்ந்து பார்க்கிறார், அமுக்கிப் பார்க்கிறார், அனுப்பிவிடுகிறார்.

வாத்தியாருக்கு ரொட்டிக்குப் பதில் பன் கொடுத்து அனுப்பிவிட்டு உள்ளே போனாள். மூக்குக்கு மேல் கோபம்.

“மொத்த ரொட்டியும் வீணாப் போச்சு. வாயில போட்டு மென்னு துப்பியிருக்கலாம்ல?”

“வாயில வெச்சா என்னால துப்ப முடியாது.” சொல்லும்போதே மாஸ்டர் எச்சில் விழுங்கினார்.

“அப்ப தின்னுங்க. இப்பவே வெளில வந்து எல்லார் முன்னாடியும் ஒரு துண்டு தின்னுங்க. இல்லேன்னா நான் இனிமே கல்லாவுல உக்கார மாட்டேன்.”

“சாயங்காலம் வரைக்கும் பொறு.”

“ஏன், சாயங்காலம் பொண்ணு பாக்கப் போறீங்களா? அங்க என் தம்பி உயிர் ஊசலாடுது. இங்க உங்களுக்கு இடுப்பழகு கேக்குது!”

மாஸ்டர் முகம் சுருங்கிவிட்டது. அவர் பதில் சொல்வதற்குள் மேஜைமேல் இருந்த அவருடைய செல்போன் அடித்தது. அவர் பதறிக்கொண்டு திரும்பினார். கை முழுக்க மாவு. அவள் முந்திக்கொண்டாள்.

ஒரு பெண் குரல். “சார், உங்களுக்கு ஒரு நல்ல சேதி.”

“நான் அவர் சம்சாரம் பேசறேன். நீங்க யாரு?” என்றாள் விறைப்பாக.

“அப்ப உங்ககிட்டயே சொல்லிடறேம்மா. ஆஸ்பத்திரில ஈரல் வார்டு நர்ஸ். அன்னிக்கு அவரை, ஈரல்ல கொழுப்பு ஜாஸ்தி, உங்களோடது ஆகாதுன்னு திருப்பி அனுப்பினோம்ல? இளைச்சா கரையும்னு டாக்டர் சொன்னதுக்கு, நாங்க எழுதிக் கொடுத்த சாப்பாட்டை மனுஷன் ஒரு பருக்கை மீறல. எல்லாருக்கும் இது பலிக்கறதில்ல, அவருக்குப் பலிச்சிருக்கு. இன்னிக்கு ரிப்போர்ட் நல்லா வந்திருக்கு. உங்க தம்பிக்கு அவரே ஈரல் கொடுக்கலாம்.”

அவள் பொத்தென்று மாவு மூட்டைமேல் உட்கார்ந்தாள். இத்தனை நாளாக நெஞ்சை அடைத்துக்கொண்டிருந்தது இறங்கியது. அப்பாடா என்று ஒரு மூச்சு வந்தது, பின்னாலேயே அழுகையும் வந்தது.

“நீங்களே கொடுக்கலாமாம். தம்பி பிழைச்சிடுவான்ல?” என்றாள் அவரிடம்.

“பிழைக்காம? எதிர்த்தாப்புல கடை இல்லேன்னா எனக்கு யார் போட்டி?” என்றார் மாஸ்டர்.

“இத்தனை நாளா நான் உங்களை என்னென்னமோ பேசிட்டேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

மாஸ்டர் தலையைக் குனிந்தபடி மாவை உருட்டினார்.

“உன்னை ஆகாதுன்னு அனுப்பினதுக்கே அப்படி அழுதே. என்னையும் அனுப்பிட்டாங்கன்னு எந்த வாயால சொல்றது?”