ஆணி மட்டும் இருந்த சுவர்

சுற்றுச்சூழல் விருதுக் கேடயத்தைத் தொழிற்சாலையில் மாட்டக் கூடாது, அதன் தண்ணீர் ஓடி முடியும் கடைசி வீட்டில்தான் மாட்ட வேண்டும் என்று சட்டம் வந்து ஆறு வருடமாகிறது. மனம் ஒப்பாத நாளில் அந்த வீட்டுக்காரர் அதைக் கழற்றிவிடலாம்.

சாயப்பட்டறை முதலாளி சென்னியப்பனின் கேடயம் வாய்க்காலின் கடைக்கோடியில், திலகமணி வீட்டில் இருந்தது. மாலையில் வெளிநாட்டு அம்மாள் ஒருவர் வந்து அதைப் பார்த்த பிறகுதான் ஆர்டர். எதற்கும் ஒரு நடை பார்த்துவிடலாம் என்று மதியமே போனார். சுவரில் ஆணி மட்டும் இருந்தது.

"ஏ அம்மிணி, எம் மானத்த வாங்கறியா? பட்டறைத் தண்ணி மீட்டர்ல எல்லாஞ் சுத்தம்னுதான காட்டுது!"

"மீட்டரு குடிக்கறதில்லீங்களே. எருமை காலைல வாய்க்கால் தண்ணிய மோந்து பாத்துட்டுத் திரும்பிருச்சுங்க."

எருமைக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாதா என்று பொருமிக்கொண்டே வாய்க்கால் கரையோடு நடந்தார். மீட்டரைத் தாண்டி, விரிசல் விட்ட ஒரு குழாயிலிருந்து நீலச் சாயம் கசிந்துகொண்டிருந்தது. கோபம் போன இடம் தெரியவில்லை. போன் போட்டுப் பட்டறையை நிறுத்தச் சொன்னார்.

மாலையில் அந்த அம்மாள் திலகமணி வீட்டுக்கு வந்ததும் சென்னியப்பன் மறைக்காமல் சொன்னார்: "இன்னிக்குக் கேடயம் இல்லீங்க. குழாய் மாத்தற வரைக்கும் பட்டறையும் ஓடாதுங்க."

அந்த அம்மாள் வெறும் ஆணியைப் படம் பிடித்துக்கொண்டார். அவர் சொன்னதை மொழிபெயர்ப்புக் கருவி தமிழில் சொன்னது:

"நானூறு கம்பெனிகளின் விருதுகளைப் பார்த்திருக்கிறேன். ஒன்றுகூட ஆணியை விட்டு இறங்கியதில்லை. குழாய் மாற்ற எத்தனை நாளாகும்? காத்திருக்கிறேன்."