அலமாரிக்குள் அப்பா

பிள்ளைகள் இரண்டும் கண்ணாமூச்சி ஆடக் கூப்பிட்டதும் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை ஆடியது அவ்வளவு பிடித்துவிட்டது போலிருக்கிறது! தொந்தியை எக்கிக்கொண்டு துணி அலமாரிக்குள் நுழைந்து, கதவைச் சாத்திக்கொண்டார்.

காலடிச் சத்தம் நெருங்கியது. வெளியே தாழ்ப்பாள் விழுந்தது.

"கண்டுபிடிச்சிட்டீங்களா? சரி, திறங்கடா!" என்று சிரித்தார்.

யாரும் திறக்கவில்லை. கதவைத் தட்டினார். பிறகு கத்தினார்.

"பாவம்ணா, திறந்து விட்டுடலாம்" என்றது மகளின் குரல்.

"சும்மா இரு. அன்னிக்கு நம்மள ஒளியச் சொல்லிட்டு அவர் மேட்ச் பார்த்தார்ல? இதே அலமாரிக்குள்ள மாட்டிக்கிட்டு நான் அழுதப்ப என்ன பண்ணார்?"

மகள் யோசித்தாள்.

"டிவி சத்தத்தைக் கூட்டினார்."

அடுத்த கணம் கூடத்தில் டிவி அலறியது.