போர்ஷேயா, பென்ஸா?

கார் மதிப்பீட்டாளருக்கு ஒரு பழக்கம். வண்டியைப் பார்க்கப் போனால் வண்டியை மட்டும்தான் பார்ப்பார். சொந்தக்காரர்களின் முகத்தைப் பார்த்து ஆகப்போவது எதுவுமில்லை என்பது அவருடைய தொழில் தர்மம்.

அன்று அந்தப் பெரிய வீட்டின் கார் ஷெட்டுக்குள் நுழைந்தபோதும் அப்படித்தான். இந்தப் பக்கம் வெள்ளி நிறப் போர்ஷே, அந்தப் பக்கம் சிவப்பு பென்ஸ். இரண்டுமே ஜெர்மனியில் பிறந்து ஐம்பது வயதைத் தாண்டியவை. பென்ஸின் ஸ்டியரிங் முன்னால் ஒரு ஆள் சாவிக்கொத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"யாரு?" என்றார் அவர், திடுக்கிட்டவராக.

"மதிப்புப் போட வரச் சொல்லி மெசேஜ் அனுப்பியிருந்தீங்களே, நான்தான்."

"ஓ... ஆமாமா. சொல்லுங்க, இதுல எது நல்ல வண்டி?"

மதிப்பீட்டாளர் போர்ஷேயை ஒரு சுற்றுச் சுற்றினார். கம்பெனியில் அடித்த அதே பெயின்ட், கம்பெனியில் வைத்த அதே இன்ஜின். சேகரிப்பாளர்கள் வீட்டை விற்றாவது வாங்குவார்கள். இப்படி ஒன்றுக்காகத்தான் அவர் இத்தனை வருஷமாக ஏங்கிக்கொண்டிருந்தார். பென்ஸோ இன்ஜினையும் மாற்றி, பெயின்டையும் மாற்றி, கல்யாண வயசுப் பெண்ணைப் போல மினுக்கிக்கொண்டு நின்றது.

உதட்டைப் பிதுக்கினார். "போர்ஷே இருக்கே, வெறும் பேருதாங்க. பெயின்டைப் பாருங்க, பழசு. பென்ஸ்தான் ராஜா. நாளைக்கு விலையும் ஏறும்."

"வேகமா போகுமா?"

"பறக்கும்."

அந்த ஆளின் முகம் மலர்ந்தது. பணம் இருக்கிறவனுக்கு மூளையும் இருக்க வேண்டும் என்று சட்டமா என்ன என்று மதிப்பீட்டாளர் நினைத்துக்கொண்டார்.

"அந்தப் பழைய இரும்பை வேணும்னா நானே எடுத்துக்கறேன். என் மச்சானுக்கு ஓட்டை உடைசல்னா உயிர்" என்று அட்வான்ஸ் கவரை நீட்டினார்.

அந்த ஆள் பிரித்துக்கூடப் பார்க்காமல் கவரைப் பைக்குள் செருகிக்கொண்டு, கொத்திலிருந்து போர்ஷே சாவியைக் கழற்றிக் கொடுத்தார். பரம்பரைப் பணக்காரர் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்.

"பென்ஸை ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கலாம்னா, கிளம்பவே மாட்டேங்குது."

"நம்ம வண்டிதானேன்னு அதட்டக் கூடாதுங்க. கொஞ்சணும்" என்ற மதிப்பீட்டாளர், ஆக்ஸிலேட்டரை எப்படி மிதித்துச் சாவியைத் திருப்ப வேண்டும் என்று பொறுமையாகக் கற்றுக்கொடுத்தார். பிறகு அவரே ஓடிப்போய் கேட்டையும் திறந்துவிட்டார். இவ்வளவு பெரிய ஏமாளிக்கு இதைக்கூடச் செய்யாவிட்டால் எப்படி?

பென்ஸ் தெருமுனையில் திரும்பி மறைந்தது. மதிப்பீட்டாளர் போர்ஷேயைத் தடவிக்கொடுத்தபடி விசிலடிக்க ஆரம்பித்தார். அப்போது வீட்டின் பக்கவாட்டுக் கதவைத் திறந்துகொண்டு, ஈரத் தலையில் துண்டைச் சுற்றிய ஒரு பெண்மணி வேகமாக வந்தார்.

"மன்னிச்சுக்குங்க சார், குளிச்சிட்டிருந்தேன், அதான் மெசேஜ் போட்டுட்டு உங்களைக் காக்க வச்சிட்டேன், வாங்க, என்னோட ரெண்டு காரையும் காட்டறேன்."