கேபிளின் கோபம்

மலைச் சாலையில் ஒரு பழைய ஆட்டோமேட்டிக் கார் திணறி நின்றது. ஆக்ஸிலேட்டரை அழுத்தினால், கியரைக் குறைக்கச் சொல்லி கியர்பாக்ஸுக்குச் சேதி கொண்டுபோவது கேபிளின் வேலை. அதற்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"செவிட்டு முண்டமே! எத்தனை தடவை கத்துறது?"

"சத்தியமா ஒண்ணும் கேக்கலப்பா," என்றது கியர்பாக்ஸ்.

"பொய்! உன்னைக் கழட்டிக் காயலான் கடையில போடணும்!"

வந்த மெக்கானிக்கும் கியர்பாக்ஸைக் கழற்றத்தான் காருக்கு அடியில் படுத்தார். தொளதொளவென்று தொங்கிய கேபிள் கையில் இடித்தது. நட்டைத் திருகி அதை விறைப்பாக்கினார்.

"தப்பு செஞ்சவனை விட்டுட்டு என்னையா முறுக்குறே?" என்று கேபிள் குமுறியது.

மறுபடி கிளப்பி ஆக்ஸிலேட்டரை அழுத்தியதும், கார் சட்டென்று கியரைக் குறைத்து மலையேறியது.

"இப்பதான் நீ பேசுறதே காதுல விழுது," என்றது கியர்பாக்ஸ் சந்தோஷமாக.

"திமிரைப் பாரு! இப்பவாவது தப்பை ஒத்துக்கிறியா நீ?" என்று உச்சி வரை திட்டிக்கொண்டே போனது கேபிள்.