சடுகுடுப் புலி

"எல்லாத் தெருப் பசங்களும் ஒண்ணா ஆடணும்" என்று மாமல்லபுரத்தில் சடுகுடுப் போட்டி வைத்தார் விளையாட்டு அதிகாரி. மாசிலாமணி பாடிக்கொண்டு போய் ஆட்களைத் தொட்டுவிட்டுத் திரும்பினான். ஒருத்தனும் அவனைப் பிடிக்கவில்லை.

"புலிடா நீ!" என்று செங்கல்பட்டுப் போட்டிக்கு அழைத்துப் போனார்.

அங்கே முதல் பாட்டிலேயே நாலு பேர் பாய்ந்து அமுக்கிவிட்டார்கள். அதிகாரி தலையில் கை வைத்துக்கொண்டார். மாசிலாமணியோ மண்ணில் கிடந்தபடி சிரித்தான்.

"இன்னாத்துக்குடா சிரிக்கிற?" காலைக் கட்டிப்பிடித்திருந்தவன் கேட்டான்.

"இப்பத்தான் அண்ணாத்த என்னைப் புடிக்கவே ஆளு வந்துகீது."

"எந்த ஊரு நீ?"

"மாபலிபுரம்."

"அங்க எந்தப் பக்கம்?"

"சேரி."

காலிலிருந்த கை விலகியது. அவன் போய் மற்றவர்கள் காதில் ஏதோ சொன்னான்.

அதற்கப்புறம் மாசிலாமணியை ஒருத்தனும் பிடிக்கவில்லை.

"சொன்னேன்ல, புலி!" என்று கைதட்டினார் அதிகாரி.